மீட்டர்க்காரன் வீட்டில் முளைத்த ஏழு அறைகள்

மின்சார ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுப்பவன் வீட்டில் முதல் அறை முளைத்தது ஒரு புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே ஒரு அறைதான். அதன் ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் துணி மூட்டை, பின்பக்கம் ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குளியலறை. காலையில் அவன் மனைவி பால் காய்ச்ச எழுந்தபோது அலமாரிக்குப் பக்கத்தில், நேற்று வரை காரை உதிர்ந்துகொண்டிருந்த சுவரில், பச்சை வர்ணம் அடித்த கதவு ஒன்று நின்றது. திறந்து பார்த்தாள். பத்துக்குப் பதினொன்று இருக்கும். வழவழவென்று சிமென்ட் தரை, ஒரு ஜன்னல், கூரையில் எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பு. பல்புக்கு வயர் எதுவும் போகவில்லை. அவள் துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டினாள், ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாள், மகளின் புத்தகங்களையும் பாயையும் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். புருஷன் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். "பொண்ணுக்கு இடமாச்சு" என்றாள். "நல்லதாப் போச்சு" என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் ரயில்வே பிளாட்ஃபாரம் தெரிந்தது. ஸ்டேஷன் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தூரம். நியாயமாக அந்தப் பக்கம் தெரிய வேண்டியது முடிவெட்டும் கடையின் பின்சுவர். மகளுக்கு அப்போது பதினோரு வயது. ஒரே வாரத்தில் வண்டி நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. ஏழு பத்து வண்டி கிளம்பினால் பல் தேய்ப்பாள், எட்டு இருபது வண்டிக்குப் பள்ளிக்கூடம் கிளம்புவாள். எட்டு மாதம் கழித்து இரண்டாவது அறை வந்தது, தொட்டியும் குழாயும் வைத்த சமையலறை. அதன் ஜன்னலில் ஆஸ்பத்திரியின் பின்பக்கத் துணிக்கொடி தெரிந்தது, எப்போதும் வெள்ளைப் போர்வைகள் காய்ந்தன. அப்புறம் மூன்றாவது, நான்காவது. ஒன்பது வருஷத்தில் ஏழு அறைகள். எல்லாவற்றிலும் வயரில்லாத பல்பு, எல்லாவற்றிலும் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர். ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த கோடையில்கூட அந்த அறைகளில் குழாயைத் திறந்தால் கொட்டியது. மூன்று அறைகளை அவர்கள் வாடகைக்கு விட்டார்கள். டைப் அடிக்கும் பெண் ஒருத்தி வந்தாள், பல்செட் செய்பவர் ஒருவர் வந்தார், கல்யாணமான கையோடு ஒரு ஜோடி வந்தது.

தெருவில் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. வாடகை எவ்வளவு என்று கேட்டார்கள். நகராட்சியிலிருந்து அளவெடுப்பவர் டேப்போடு வந்தார். வெளியே அளந்தார், பதினான்கு அடி அகலம். உள்ளே அளந்தார், தொண்ணூற்றொரு அடி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்தார். பிறகு இரண்டு அளவையும் எழுதிக்கொண்டு, உள் அளவுக்கு வரி போட்டுவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். முடிவெட்டும் கடைக்காரர் தன் கடையில் ஒரு அங்குலமாவது குறைந்திருக்கிறதா என்று சாண் போட்டுப் பார்த்தார். குறையவில்லை என்றதும் அவருக்கும் ஆட்சேபணை இல்லாமல் போயிற்று. தனக்கு நஷ்டமில்லாத அதிசயத்தை யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் ஊர் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்ததா?

கைதாகும் வரை ஊர் அவனைச் சார் என்றது. கைதான மறுநாளிலிருந்து மிருகம் என்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷனைப் பார்க்க ஊருக்கு நேரமில்லை. அவனுக்கு மிதியடி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எந்த வீட்டுக்கு ரீடிங் எடுக்கப் போனாலும் வாசல் மிதியடியில் ஷூவை மூன்று தடவை தேய்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பான். இப்படி ஒரு மரியாதையா என்று பெண்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். எட்டுத் தெருக்கள் அவன் பொறுப்பில் இருந்தன. ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பதை மீட்டரே சொல்லிவிடும். இரண்டு மாதத்துக்கு இருபது யூனிட் என்றால் ஒரு ஆள், ஒரு பல்பு, ஒரு ரேடியோ. பதினாலு என்றால் அந்த ஆளுக்கு ரேடியோ கேட்கவும் மனசில்லை. எந்தக் கதவைத் தட்ட யாரும் வர மாட்டார்கள் என்பது அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. ஊருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஊர் மெனக்கெடவும் இல்லை.

முதலில் போனவர் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வுபெற்ற அம்மா, பிளாட்ஃபாரத்துக்கு எதிர்வீடு. படியில் விழுந்தார் என்று எழுதினார்கள். அந்த வீட்டில் மொத்தமே இரண்டு படி. அடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடியிருந்த நர்ஸ். தூக்கத்தில் மாரடைப்பு என்றார்கள். மூன்றாவது, கண் தெரியாத கிளாரினெட் வாத்தியக்காரர். நான்காவது ஆளைப் பக்கத்து வீட்டுக்கு நாற்றம் போன பிறகுதான் தேடினார்கள், அதுவும் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து. எப்படிச் செய்தான் என்பதை நான் எழுதப் போவதில்லை. அதைப் படித்துச் சப்புக்கொட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு பிற்பாடு அவனைப் பற்றி ஒரு மனநல டாக்டர் எழுதிய புத்தகம் இருக்கிறது, படங்களோடு. ஏழு சாவுக்கும் ஏழு காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடினார்கள். ஏழு தடவையும் மறுநாள் காலையில் அவன் வீட்டில் ஒரு கதவு கூடுதலாக இருந்தது.

மாட்டிக்கொண்டது தொழிலால்தான். ஏழாவது ஆள் லாரி ஆபீஸில் கிளார்க்காக இருந்த ஒரு ஒண்டிக்கட்டை. மின்சார ஆபீஸ் தப்பாக ரீடிங் போட்டுவிட்டது என்று சண்டை பிடித்தவர். சண்டை முற்றி, ஆபீஸ்காரர்கள் மீட்டரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவரும் வீம்புக்கு நாலு மாதமாக மெழுகுவத்தியிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி சாய்ந்து புகையில் போய்விட்டார் என்று இந்தத் தடவையும் எழுதியாகிவிட்டது. ஆனால் புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டரம்மா கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மீட்டர் கார்டை எடுத்துப் புரட்டினார். மீட்டரே இல்லாத வீட்டில், அவர் செத்துப்போன அதே தேதியில், ரீடிங் எழுதியிருந்தது. முந்தின ரீடிங்கோடு சராசரியாகப் பதினைந்தைக் கூட்டி, அழகான கையெழுத்தும் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கதவுக்குப் பின்னால் கார்டு தொங்கினால் அவன் கை அதுபாட்டுக்கு எழுதிவிடும். செய்ய வந்த காரியத்தைச் செய்து முடித்துவிட்டு, வெளியே போகும்போது எழுதியிருக்கிறான். இன்ஸ்பெக்டரம்மாவின் அப்பாவும் மீட்டர் எடுத்தவர். "எங்கப்பாவும் வெயில் ஜாஸ்தின்னா வீட்டுல உக்காந்தே சராசரி போடுவாரு. ஆனா கார்டு ஆணியிலதானே தொங்குது? அதுல எழுதணும்னா உள்ள வந்துதானே ஆகணும்?" என்றார். கூட இருந்த ஏட்டு அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

அவனைக் கூட்டிப்போக வந்த இன்ஸ்பெக்டரம்மா அந்த வீட்டின் ஏழு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிளாட்ஃபாரம். ஆஸ்பத்திரித் துணிக்கொடி. மூன்றாவது ஜன்னலில் எதுவும் தெரியவில்லை, இருட்டு மட்டும், தூரத்தில் யாரோ கிளாரினெட் பழகும் சத்தம். ஏழாவதில் லாரி ஆபீஸ் முற்றமும், டயர் உருட்டும் ஆட்களும். ஜன்னல்களைச் சாத்திவிட்டு அந்த அம்மா சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, "இத்தனை வருஷமா இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு யாருமே கேக்கலையா?" என்றார். மீட்டர்க்காரன் மனைவி பிஸ்கட் கம்பெனியின் நீலச் சீருடையோடு நின்றாள், வேலைக்குக் கிளம்பியவள். கல்யாண ஜோடியில் பெண்தான் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, தாங்கள் அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஊருக்குள் காரணம் தேடும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெருநகரத்திலிருந்து மனநல டாக்டர் ஒருவர் டேப் ரெக்கார்டரோடு வந்து சிறையில் நாற்பத்தொரு மணி நேரம் பதிவு செய்தார். டாக்டர் அம்மாவைப் பற்றிக் கேட்டார், அவன் அம்மாவைக் கொடுத்தான். பத்திரிகைக்காரி தனிமையைப் பற்றிக் கேட்டாள், தனியாகக் கிடந்து அல்லாடுகிறவர்களுக்கு விடுதலை கொடுத்ததாகச் சொல்லி அவளை அழ வைத்தான். நீதிபதி குடும்பத்தைப் பற்றிக் கேட்டார், பெண்டாட்டி பிள்ளைக்கு இடம் வேண்டியிருந்தது என்றான். யார் என்ன பாத்திரத்தோடு வந்தார்களோ அதை நிரப்பி அனுப்பினான், ஒருத்தரையும் வெறுங்கையோடு விடவில்லை. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றவனுக்கு, எந்த வீட்டில் என்ன பேச்சு எடுபடும் என்று தெரியாதா என்ன? இன்ஸ்பெக்டரம்மா மட்டும் ஏன் என்று அவனிடம் கேட்கவே இல்லை. டீக்கடையில் ஒருத்தர் அவரைக் கிண்டினபோது, "பிடிச்சிருந்துச்சு, செஞ்சான். மாட்டல. மறுபடியும் பிடிச்சிருந்துச்சு. இதுக்கு எதுக்குங்க நாப்பது மணி நேரம்?" என்றார். அதைப் பத்திரிகையில் யாரும் போடவில்லை.

டாக்டர் கடைசியில் பிடித்துக்கொண்டது ஒரு கட்டிலை. அவன் பிறந்து வளர்ந்த வீட்டிலும் ஒரே அறை, அதில் ஒன்பது பேர். நோயாளி அம்மா கட்டிலின் மேல், அவனும் அவன் தம்பியும் கட்டிலுக்கு அடியில். பதினாலு வயது வரை அவன் படுத்தது அங்கேதான். நெருக்கிப் பிடித்த அந்த இருட்டுதான் அவனுக்குள் வெறியாக வளர்ந்தது என்று டாக்டர் எழுதினார். கட்டிலடிக் கோட்பாடு என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். அவன் தம்பி பஸ் கண்டக்டர். சாட்சி சொல்ல லீவு போட்டு வந்திருந்தவர், கோர்ட் வராந்தாவில் டாக்டரை வழிமறித்தார். "டாக்டர், அந்தக் கட்டிலுக்கு அடியில ரெண்டு பேரு படுத்தோம். அவன் செவுத்துப் பக்கம், நான் இந்தப் பக்கம். எனக்குத்தான் எங்கம்மா துப்பற கிண்ணம் தலைமாட்டுல இருக்கும். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒருத்தரையும் கைநீட்டி அடிச்சதில்ல." டாக்டர் அவர் தோளில் கை வைத்து, நீங்கள் ஒரு விதிவிலக்கு என்றார். "அந்த ரூம்ல நாங்க ஒன்பது பேரு. எட்டுப் பேருமா விதிவிலக்கு?" என்று கேட்டார் தம்பி. டாக்டருக்கு அவசர வேலை இருந்தது. புத்தகம் அந்த வருஷமே வெளிவந்து, இரண்டு பதிப்பு விற்றுத் தீர்ந்தது. அட்டையில் அவன் முகம் இருந்தது. செத்த ஏழு பேரும் உள்ளே நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், ஒரே பத்தியில் இருந்தார்கள்.

இதையெல்லாம்விட, நீதிபதியிடம் அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் அவன் மனைவியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இடம் வேண்டியிருந்தது. எப்போதோ ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, "ஒரு ரூம் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்" என்று அவனிடம் சொன்னது அவளுக்கு ஞாபகமிருந்தது. எந்தச் சாயங்காலம் என்பது ஞாபகமில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த டிக்கெட் அம்மா செத்தாளா? மகளுக்கு இடம் என்று நான் வாய்விட்டுக் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்ததா? இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், மகளின் முகத்தைப் பார்த்துப் பேசிவிடலாம் என்று அவள் நினைத்தாள். மகள் அதற்குள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். இன்னொரு ஊரில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஹாஸ்டலில் தனி அறை கிடைத்தும் வேண்டாம் என்று, ஐந்து பேரோடு ஆறாவது ஆளாக ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தாள்.

ஆகவே மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் மனைவி சிறைக்குப் போனாள். இருபது நிமிஷம், நடுவில் இரும்பு வலை. ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒரே கேள்வி. "நான் ரூம் வேணும்னு கேட்டதுனாலயா?" அவன் சிரிப்பான். பல்செட்காரர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரிப்பான். தெற்குப் பக்க அறையில் வெயில் வருகிறதா, பச்சைக் கதவு கீல் இன்னும் கிறீச்சிடுகிறதா என்று கேட்பான். "அடுத்த தடவை சொல்றேன்" என்பான். சில மாதம் வாயைத் திறந்து, சொல்லப் போகிறவன் மாதிரி மூச்சை இழுத்து, மணி அடித்ததும் எழுந்துவிடுவான். மற்ற நாட்களில் எரிந்து விழுகிறவன் அந்தச் சனிக்கிழமை மட்டும் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, வாசலில் ஷூ இல்லாத காலை மூன்று தடவை தேய்த்துவிட்டு வருவதாகக் காவலர்கள் பேசிக்கொண்டார்கள். ஆறு வருஷம் இப்படி ஓடியது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிஸ்கட் கம்பெனியில் பெட்டிக்கு இருபத்துநாலு பாக்கெட் வைக்க வேண்டியவள் இருபத்துமூன்று வைத்து, திட்டு வாங்கி, அப்புறம் வேலையையே விட்டாள்.

கண்டக்டர் தம்பிதான் ஒருநாள் மனசு பொறுக்காமல் வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணி, அவனுக்கு இன்னும் காரியம் முடியல. நீங்கதான் எட்டாவது. உங்கள மட்டும் உயிரோட வெச்சுக்கிட்டுச் செய்யறான், அவ்வளவுதான் வித்தியாசம்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கேக்கற வரைக்கும் அவன் கையில ஒரு ஆள் இருக்கு. தயவு செஞ்சு கேக்காதீங்க." அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.

அடுத்த சனிக்கிழமையும் அவள் போனாள். வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றாள். டைப் அடிக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றாள். அவன் காத்துக்கொண்டிருந்தான். விரலால் மேஜையைத் தட்டினான். கடைசியில் அவனே, "இன்னிக்கு ஒண்ணும் கேக்கலையா?" என்றான். "குழாய்க்கு வாஷர் மாத்தணும்" என்றாள் அவள். "ப்ளம்பர் நாளைக்கு வரேன்னிருக்கான்." பதினோரு நிமிஷம் மீதி இருக்கும்போதே பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பின்னால் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவும், கல்யாணமானதிலிருந்து அவன் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லையாதலால் வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று அவள் நினைத்ததாகவும் சொல்கிறார்கள். பிறகு அவள் சிறைப் பக்கம் போகவில்லை.

அந்த மாதம் அவனுடைய சிறை அறை ஒரு சாண் குறைந்தது. கட்டில் சுவரில் இடிப்பதைப் பார்த்துக் காவலர்தான் முதலில் சொன்னார். அடுத்த மாதம் இன்னொரு சாண். சூப்பரிண்டெண்ட் மேலிடத்துக்கு எழுதி, அதே நகராட்சி அளவெடுப்பவர் அதே டேப்போடு போய், வெளியே பத்து அடி, உள்ளே ஏழு என்று எழுதிக் கொடுத்தார். அவனை வேறு அறைக்கு மாற்றினார்கள். அதுவும் சுருங்கியது. இடமில்லாத இடத்தில் குந்திக்கொண்டு அவன் கடிதம் எழுதினான். சிறையில் கடிதங்களைப் படித்துப் பார்த்து அனுப்பும் எழுத்தர் சொல்லித்தான் அது ஊருக்குத் தெரியும். முதல் கடிதத்தில், ஆமாம், உன்னால்தான் என்று எழுதியிருந்தான். இரண்டாவதில், சத்தியமாக உன்னால் இல்லை. மூன்றாவதில், நேரில் வா, சொல்கிறேன். இப்படியே மொத்தம் முப்பத்தொரு கடிதம் வந்தது. அவள் ஒன்றையும் பிரிக்கவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. பச்சைக் கதவு அறையின் அலமாரியில் அடுக்கி வைத்தாள். மூன்றாம் வருஷம் கூரையும் இறங்க ஆரம்பித்து, கட்டிலை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் கட்டிலடி அளவுக்கு இடம் இருந்தது. அதில் முழங்காலை மடக்கிச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக் கிடந்தவன் ஒரு மதியம் செத்துப்போனான். இயற்கை மரணம் என்று எழுதினார்கள். படியில் விழுந்தான் என்று எழுதாமல் விட்டார்களே, அந்த மட்டும் சந்தோஷம். டாக்டர் விஷயத்தைக் கேள்விப்பட்டுத் தன் கோட்பாட்டைச் சுவரே நிரூபித்துவிட்டதாக முன்னுரை எழுதி, மூன்றாம் பதிப்பு போட்டார்.

சாவுச் செய்தி கேட்டு மகள் வந்தாள். அவளுக்கு அப்போது முப்பது நெருங்கியிருந்தது. வந்தவள் நேராகப் பச்சைக் கதவைத் திறந்துகொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஜன்னலில் மாலை வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா அலமாரியிலிருந்து கடிதக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு பிரிச்சுப் பாத்துடலாமா?" என்றாள். எதற்கு என்று கேட்டாள் மகள். இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அம்மா அப்போதுதான் சொன்னாள், தான் ஒரு அறை கேட்டதையும், அதனால்தான் எல்லாமா என்று தெரியாமல் வெந்துகொண்டிருப்பதையும்.

மகள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "நீ கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கும்மா. அப்போ நான் இங்கதான் உக்காந்திருந்தேன், இதே ஜன்னல்கிட்ட. ஆறே முக்கால் வண்டி வந்துட்டிருந்துச்சு. கதவு லேசா திறந்திருந்துச்சு. நீ வெளியில துணி மடிச்சுக்கிட்டே, சமையலுக்குத் தனியா ஒரு ரூம் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்னு அப்பாகிட்ட சொன்ன."

அம்மாவின் கை கடிதங்களின் மேல் அப்படியே நின்றது. "அப்போ இந்த ரூமு?"

"இது அப்பவே இருந்துச்சு. இதுக்கு நீ ஒண்ணும் கேக்கல." பிறகு மெதுவாக, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "வந்தப்புறமும் கேக்கல. கூட்டித் துடைச்சிட்டு என் புஸ்தகத்தைக் கொண்டுவந்து வெச்ச."

வண்டி கிளம்பிப் போனது. அம்மா அழுவாள் என்று மகள் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தான் அன்று ஈரத்துணியால் துடைத்த அதே தரையை. ஆறு வருஷமாக வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் கேட்டது தப்பான கேள்வி. கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு புதன்கிழமை காலையில் கேட்டிருக்க வேண்டும், ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவனிடம். அப்போது ஆறு பேர் உயிரோடு இருந்தார்கள். "நானும்தான்மா கேக்கல" என்றாள் மகள். "எனக்கு ரயில் பாக்கணும்." இருவரும் விளக்குப் போட வேண்டிய அவசியமில்லாத அந்த அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடிதங்களை மறுநாள் வெந்நீர் போட எரித்தார்கள். மகள் ஹாஸ்டலுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அறைகள் மறையவில்லை. எதற்கு மறைய வேண்டும்? போனவர்கள் திரும்பி வரவில்லையே. மீட்டர்க்காரன் மனைவி ஒரு டப்பா வெள்ளை வர்ணம் வாங்கி, ஏழு கதவிலும் அவரவர் பெயரையும் வேலையையும் தன் கையாலேயே எழுதினாள், பெரிய எழுத்தில். பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் அதைப் படிக்காமல், அவன் படுத்த இடம் எது என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்று கதவைச் சாத்தினாள். குடிவருகிறவர்களிடம் மட்டும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். இது இன்னாருடைய அறை, இன்ன வயது, இப்படிச் செத்தார், யாரும் தேடவில்லை. நர்ஸின் அறையும் இப்போது வாடகைக்குப் போகிறது. அதற்கு வந்த இளம்பெண் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தபின், "தண்ணி எப்பவும் வருமாக்கா?" என்றாள். வரும் என்று சொன்னாள் மீட்டர்க்காரன் மனைவி. மறுநாளே சாமான் வந்து இறங்கியது.

எட்டுத் தெருவுக்கும் இப்போது புது மீட்டர்க்காரர் ஒருவர் வருகிறார். நல்ல பிள்ளை, சிரித்த முகம். அந்த வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது வாசல் மிதியடியில் ஷூவைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால், அந்த அம்மா நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். எங்கே குடியிருக்கிறாய், வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை என்று வரிசையாகக் கேட்டாள். தெருவே சிரித்தது. கேள்விக்காரி என்று அவளுக்கு இப்போது பட்டப்பெயர். அவள் கேட்காமல் பால்காரரும் உள்ளே போக முடியாது, அளவெடுப்பவரும் போக முடியாது. அந்தப் பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டு ரூம்தாங்க" என்றார்.

"போன வருஷம்?"

"போன வருஷமும் ரெண்டுதான்."

அதற்குப் பிறகுதான் அவள் கையை எடுத்து வழிவிட்டாள். அவர் உள்ளே போய், வயரில்லாத ஏழு பல்புகளையும் அண்ணாந்து பார்த்து, ஏழு கதவுக்குப் பின்னாலும் தொங்கிய கார்டுகளில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.